ஆட்டிசம் உள்ள பிள்ளை, வீடு, சபை: டர்பனிலிருந்து கேள்வி பதில்

நான் டர்பனில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, வேலை பார்க்கிறேன். மூன்று பிள்ளைகள், நடுவுள்ளவனுக்கு ஆட்டிசம், அதாவது மூளை வளரும் விதத்தில் ஒரு வித்தியாசம். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்துக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பேர் போடாமல் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மிட்ராண்ட்): மகனுக்கு இரண்டு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் இல்லை. "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்கிறார் அத்தை. பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். பேச்சு மட்டும் தாமதம் என்றால் அது வேறு கதை. பேருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, நீங்கள் காட்டுவதையும் பார்க்கவில்லை என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். முதலில் காது பரிசோதனை. பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தில் வளர்ச்சிப் பக்கம் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு. அது முடிவு சொல்லாது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லும். டாக்டர் முடிவு சொல்லும் வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அத்தையிடம் சண்டை வேண்டாம், "சும்மா காது பார்த்துட்டு வர்றோம்" என்று கிளம்புங்கள்.

கேள்வி: ஆட்டிசம் தடுப்பூசியால் வந்ததா?

இல்லை. அப்படிக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அதை எழுதிய டாக்டரின் பேரும் அதே ஆண்டு பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் போட வேண்டிய ஊசியைத் தயங்காமல் போடுங்கள்.

கேள்வி (கேப் டவுன்): வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார் குழந்தைகள் காப்பக டீச்சர். சரியா?

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் சரியல்ல. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்குத் தானாக வரும் மொழியில்தான் கொஞ்சவும், விளையாடவும், படுக்கையில் ஜெபம் சொல்லித் தரவும் முடியும். தமிழை எடுத்துவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் தாத்தாவோடு அவன் எப்படிப் பேசுவான்?

கேள்வி (ஜொஹானஸ்பர்க்): இது சாபக்கட்டு, உபவாசக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் விடுதலை கிடைக்கும் என்கிறார் ஒரு ஊழியக்காரர். வீட்டுக்காரர் போகலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே கேள்வி வேறு வேறு விதமாக நிறைய வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

யோவான் 9ஆம் அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள், சிஸ்டர். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்து, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் உங்கள் குடும்ப மரத்தில் பாவம் தேட யாருக்கும் உரிமை இல்லை. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம், அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், என் பையனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். எப்படி ஜெபிக்கிறோம் என்பதுதான் விஷயம். பத்துப் பேர் சூழ்ந்து, தலையில் கை வைத்து, மைக்கில் சத்தம் போட்டால், தொடுதலும் சத்தமும் தாங்காத பிள்ளை அலறத்தான் செய்யும். அந்த அலறலைப் பிசாசு என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கத் தெரிந்த போதகரைக் கூப்பிடுங்கள்.

மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளையை யாரும் பட்டினி போடவோ கட்டிப்பிடித்து அமுக்கவோ கூடாது. வலிப்பு மருந்து எடுக்கிறவன் என்றால் "விசுவாசத்தில்" அதை நிறுத்தக் கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வரும், மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், எம்.எம்.எஸ். என்று ஒரு 'அற்புதத் தண்ணீர்' ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று விற்கப்படுகிறது. சபை என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டமே அதை விற்றது. அது துணி வெளுக்கும் பிளீச் வகை ரசாயனம். வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி (ஒரு அப்பா): பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே. அடம்பிடித்தால் இரண்டு போடலாமா?

தம்பி, வேத விளக்கத்தை உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள். எனக்குச் சட்டமும் பிள்ளைகளும் தெரியும். கண்டிப்புக்காக மிதமாக அடித்தேன் என்று பெற்றோர் இந்த நாட்டு நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது. 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. அந்த வழக்கை அங்கே கொண்டுபோய்த் தோற்றதும் ஒரு கிறிஸ்தவ அமைப்புதான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தம், வெளிச்சம், கூட்டம் தாங்காமல் உடைந்து அழும்போது எதைக் கொடுத்தாலும் நிற்காது. அப்போது அடித்தால் தாங்க வேண்டியது இன்னும் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். விளக்கைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): ஆராதனையில் டிரம்ஸ் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். சபைக்குப் போவதையே விட்டுவிட்டோம்.

விட வேண்டாம் அக்கா. ஐம்பது பேர் உட்காரும் ஹாலில் ஐந்நூறு பேருக்கான ஸ்பீக்கர் எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. பில்டர்ஸ் ஹார்டுவேர் கடையில் வேலையாட்களுக்கு விற்கிற காது மஃப் போதும், அவள் தலைக்கு இறுக்காமல் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். கதவோரம் உட்காருங்கள். பாட்டு, ஜெபம், பிரசங்கம், வீடு என்று நான்கு படம் வரைந்து கையில் கொடுத்தால், எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியும். முதல் மாதம் பிரசங்கத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போனாலும் தப்பில்லை. திருவிருந்தில் அப்பத்தைத் துப்பினால் யாரும் முறைக்கக் கூடாது என்று மூப்பரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: மூத்தவளுக்கு ஏழு வயது. "தம்பியைத் திட்டவே மாட்டீங்க, என்னை மட்டும் திட்டுறீங்க" என்கிறாள்.

அவள் சொல்வது பாதி உண்மை, அதை ஒத்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்ச நேரம் அவளோடு மட்டும் இருங்கள், போன் வேண்டாம். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் குட்டி அம்மாவாக அவளை ஆக்கிவிடாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு ஆயா ஆங்கிலத்தில் கேட்டது): தீபாவளி வெடிக்குப் பயந்து பேரன் வீட்டைவிட்டு ஓடிவிட்டான். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் தெரு முழுக்க வெடி.

ஆயா, நம் சொந்தத்திலேயே பாதிப் பேர் தீபாவளி கொண்டாடுகிறவர்கள்தானே. முன்கூட்டியே போய்ப் பேசினால் அக்கம்பக்கத்தில் பலர் நேரம் சொல்லி வெடிப்பார்கள். அந்த நேரம் உள்ளறையில் காது மஃபோடு, பிடித்த வீடியோவோடு இருக்கட்டும். கேட் பூட்டியிருக்கட்டும், சட்டையில் உங்கள் போன் நம்பர் தைத்திருக்கட்டும். ஓடுகிற பிள்ளைகள் பல நேரம் தண்ணீரைத் தேடித்தான் போகிறார்கள், அதில் நிறையப் பிள்ளைகளை இழந்திருக்கிறோம். காணவில்லை என்றால் முதலில் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தைப் பாருங்கள். நீச்சலும் சீக்கிரம் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: அரசு உதவி ஏதாவது உண்டா?

சாசா என்ற அரசு சமூகநல உதவி நிறுவனத்தின் அலுவலகத்தில் 'கேர் டிபெண்டன்சி கிராண்ட்' என்ற உதவித்தொகை உண்டு. கடுமையான, நிரந்தரக் குறைபாட்டால் முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதாமாதம் வரும். வருமான வரம்பு பார்ப்பார்கள், மருத்துவ அறிக்கை வேண்டும். குடியுரிமை, நிரந்தர வதிவுரிமை அல்லது அகதி அந்தஸ்து இருப்பவர்களுக்குத்தான். வேலை விசாவில் வந்த நம் ஐ.டி. குடும்பங்களுக்குக் கிடைக்காது. ஆனால் இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் வரித்துறையான சார்ஸின் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற, குறைபாட்டை உறுதிசெய்யும் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால், தகுதியான தெரபிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரியில் கழியும். ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இந்த வரி விஷயத்தைத் தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம்.