பட அட்டை பழக்கினால் குழந்தைக்குப் பேச்சு வராமல் போய்விடுமா?

நான்கு வயதாகியும் பேசாத பிள்ளைக்கு, வேண்டியதைப் படத்தைத் தொட்டு உணர்த்தும் பட அட்டைகளைப் பழக்கினால், அதுவே பேச்சுக்குத் தடையாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. முந்தைய ஆய்வுகளை அலசி 2006இல் வெளியான கட்டுரை ஒன்றில், நம்பகமான சான்று இருந்தவர்களில் எவருக்கும் படம், சைகை போன்ற மாற்றுவழிகளால் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடியது.

சில குழந்தைகளுக்குச் சொல் தெரியும், வாய் ஒத்துழைக்காது. "சொன்னால்தான் தருவேன்" என்று பொம்மையைப் பிடித்து வைப்பது வீண் வதை.

மாறாக, நீங்கள் பேசும்போதே படத்தையும் தொட்டுக் காட்டுங்கள். சோப்புக் குமிழி ஊதிவிட்டுக் குப்பியை மூடுங்கள். பத்து விநாடியாவது வாய் திறக்காமல் காத்திருங்கள் (பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்). ஒரு பார்வை, நீட்டிய கை, 'இன்னும்' படத்தின் மேல் ஒரு விரல் என எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உடனே ஊதுங்கள். 'வேண்டாம்', 'நிறுத்து' படங்களும் கட்டாயம் இருக்கட்டும். மறுக்க வழியில்லாத பிள்ளை பல நேரம் கடித்துத்தான் மறுக்கிறது.

செவித்திறன் பரிசோதனை செய்யவில்லையென்றால் அதை முதலில் முடியுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது, பிள்ளை தன் தேவைகளை இப்போது எப்படியெல்லாம் உணர்த்துகிறது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்.