சப்பென்று இருந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியை சிவப்பு மையில் 'வேபிட்' என்று எழுதியிருக்கிறார். அகராதியில் 'சுவையற்ற' என்று இருக்கிறது. 'இன்சிபிட்', 'பிளாண்ட்' இரண்டுக்கும் அதே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: ஒன்றில்லை அம்மா. 'வேபிட்' லத்தீனில் ஒயினைப் பற்றிய சொல்லிலிருந்து வந்தது. மூடாமல் வைத்து வீரியம் போன ஒயின். 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பானங்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். திறந்து வைத்த சோடா கேஸ் போன பிறகு எப்படி இருக்குமோ, அதுதான். இப்போது பேச்சுக்கும் எழுத்துக்கும் சொல்கிறோம்: வார்த்தை ஏராளம், உள்ளே சரக்கு இல்லை. உங்கள் மகளைப் பொதுவாக எழுதுவதை விட்டுவிட்டு, தான் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒற்றைச் சொல்லை எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். எந்த வரி அப்படி இருக்கிறது என்று அடிக்கோடு போட்டால்தானே பிள்ளை திருத்திக்கொள்ளும்?

'இன்சிபிட்' என்றால் ருசியே இல்லாதது. நம் 'உப்புச்சப்பில்லாத'வுக்கு நெருக்கம். இந்தச் சொல் மருத்துவத்திலும் இருக்கிறது. சர்க்கரை நோயின் முழுப்பெயர் டயபடீஸ் மெலிடஸ். மெலிடஸ் என்றால் தேன்போல் இனிப்பது. அந்தக் காலத்து வைத்தியர்கள் நோயாளியின் சிறுநீரை நாக்கில் வைத்தே பார்த்தார்கள். அடிக்கடி தாகம், ஏராளமாகச் சிறுநீர், ஆனால் இனிப்பு இல்லை என்றால் அது வேறு நோய். அதற்கு டயபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் கிடையாது. வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைவதாலோ, சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாததாலோ வருவது. பெயரைப் பார்த்து 'சுகர்' என்று பயந்து இனிப்பை நிறுத்துகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

'பிளாண்ட்' திட்டும் சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு 'பிளாண்ட் டயட்' சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னால் காரம், மசாலா இல்லாமல் இட்லி, குழைந்த சாதம் என்று அர்த்தம்.

தண்ணீர் ஊற்றிக் கெடுத்ததற்கு 'வாட்டர்ட் டவுன்' என்று தனியே ஒன்று உண்டு. சட்டத்தைத் திருத்தித் திருத்திப் பல்லைப் பிடுங்கிவிட்டால் நாம் 'நீர்த்துப்போன சட்டம்' என்கிறோமே, அங்கேயும் இது அப்படியே பொருந்தும்.

கேள்வி: வெளிநாட்டில் 'லைட் டீ' என்று கேட்கலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: 'வீக் டீ' என்று கேளுங்கள். 'லைட்' என்றால் பால் தூக்கலாக என்று சில ஊர்களில் எடுத்துக்கொள்வார்கள். 'ஸ்ட்ராங்' மட்டும் எங்கும் ஸ்ட்ராங்தான்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, காலையில் 'க்ரோகியா இருக்கு' என்று மெசேஜ் அனுப்புகிறான். அது குடித்தவர்களைச் சொல்லும் வார்த்தை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனசே சரியில்லை.
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: கவலையை விடுங்கள். சரியாகத் தூங்காதவர், சளி மாத்திரை போட்டவர், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறவர் எல்லாரும் இன்று அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பழைய கதை. 1740-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமிகள் ரம்மை அப்படியே குடித்து விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, தினமும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அவர் போட்டிருந்த முரட்டுத் துணி மேலங்கிக்கு 'க்ரோக்ரம்' என்று பெயர். அதனால் மாலுமிகள் அவரை 'ஓல்ட் க்ரோக்' என்பார்கள். அந்தப் பட்டப்பெயரே தண்ணீர் கலந்த ரம்முக்கும் ஒட்டிக்கொண்டது. அதைக் குடித்துத் தள்ளாடியவர் 'க்ரோகி'. அந்தக் கடற்படையில் தினசரி ரம் கொடுப்பதையே 1970 ஜூலை 31-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தம்பிக்கு போன் போட்டு, ராத்திரி ஷிஃப்ட்டா, உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள்.