கல்யாண வீட்டுக்குள் சட்டம் வரலாமா?

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் இளவயதுக் கல்யாணம், இரண்டாம் தாரம், மத வழக்கத்தில் அரசு தலையிடுவது பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. பதில்கள்: சட்டப் பகுதிக் குழு.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். பதினாறு முடிந்து சில மாதம்தான் ஆகிறது. யாரிடம் சொல்வது? நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் தெருவில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.
— வாசகி, பள்ளத்தூர்

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தகவல் முழுதாக இருக்கவேண்டும். பெண்ணின் பெயர், தகப்பனார் பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டு அடையாளம், கல்யாணம் நடக்கும் கோயில் அல்லது மண்டபம், நாள், முகூர்த்த நேரம், மாப்பிள்ளையின் ஊர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பத்திரிகை அடித்திருந்தால் படம் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். சிவகங்கையில் உள்ள அவருடைய அலுவலகத்துக்கு நேரிலும் எழுதலாம்.

வயதில்தான் முதல் சண்டை வரும். ஜாதகத்தையும் ஆதாரையும் நீட்டுவார்கள். இரண்டும் வயதுக்குச் சான்று ஆகாது. பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. சிறார் நீதிச் சட்டம் சொல்லும் வரிசை இது.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அலுவலர்கள் வருவார்கள், பெற்றோர் "18 முடியாமல் கட்டிக் கொடுக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுப்பார்கள், பந்தல் பிரியும். பத்து நாள் கழித்து வேறு ஊர்க் கோயிலில், விடியற்காலையில், நான்கு பேரை வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். எழுதி வாங்கிய தாளுக்கு இதைத் தடுக்கும் வலு கிடையாது. வலு உள்ளது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அதன்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு இல்லாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். அந்தத் தடையை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி செல்லவே செல்லாது; மீறியவருக்கு இரண்டாண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். ஆகவே 1098-இல் பேசும்போதே "தடையாணைக்கு மனுப் போடுங்கள்" என்று கேளுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு சொன்னால் இதற்கு நேரம் இருக்காது.

தடையாணை இல்லாமல் கல்யாணம் நடந்துவிட்டால் நிலைமை வேறு. அது தானாகச் செல்லாமல் போகாது; அந்தப் பெண் கேட்டால்தான் ரத்தாகும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தெளிவாக்கியது. அவள் 20 வயது முடிவதற்குள் மனுப் போடவேண்டும். ரத்தானாலும் அவள் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சம் உண்டு, பிறந்த பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. 18 தாண்டிய மாப்பிள்ளை, நடத்திவைத்த புரோகிதர், ஏற்பாடு செய்த பெற்றோர் எல்லோருக்கும் இரண்டாண்டுவரை சிறைக்கு வழி இருக்கிறது. இந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் மட்டும்.

பெண் வீட்டாரிடம் பேசக்கூடிய நிலையில் நீங்கள் இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். "படிக்கவைக்க வசதியில்லை" என்று சொல்லும் தகப்பனாருக்கு அது ஒரு பிடி.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நிக்காஹ் செய்யலாம், குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்கிறார் மாமா. உண்மையா? பலதார மணம் பற்றியும் சொல்லுங்கள்.
— வாசகர், காரைக்குடி

கட்டுப்படுத்தும். சட்டத்தில் எந்த மதத்துக்கும் விலக்கு இல்லை. இஸ்லாமியப் பெண்களின் திருமணத்தில் அதிகாரிகள் தலையிடக்கூடாது என்று கேட்ட மனுவை 2015-இல் மதுரைக் கிளை தள்ளுபடி செய்து, சட்டம் எல்லோருக்கும் பொருந்தும் என்றது. கேரள உயர் நீதிமன்றமும் 2024-இல் அப்படியே சொன்னது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2022-இல் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னதைத்தான் மாமா கேள்விப்பட்டிருப்பார். மதங்களின் தனிச் சட்டமா, தடுப்புச் சட்டமா எது மேல் என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் முடிவு செய்யாமல், அது நாடாளுமன்றத்தின் முன் இருப்பதாகச் சொல்லி விட்டுவிட்டது.

ஒன்றை மாமாவிடம் விளக்குங்கள். அந்த நிக்காஹ் செல்லுமா என்பது ஒரு கேள்வி. நடத்தியவர் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நீதிமன்றங்கள் மாறுபடலாம். இரண்டாவதில் தமிழ்நாட்டில் தப்பிக்க இடமில்லை. அதோடு 18-க்குக் குறைந்த மனைவியோடு கூடுவதே பாலியல் வன்கொடுமை என்று 2017 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் மதம் பார்ப்பதில்லை. நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் எழுதும் முன் இருவரின் பிறப்புச் சான்று நகலையும் ஜமாஅத் வாங்கி ஒட்டிவைத்தால் இமாமுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு.

பலதார மணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனைவியரிடம் நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் மூன்றாம் வசனம். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்து கணவன் அவர்களைச் சமமாக நடத்தாவிட்டால் அதுவே மணமுறிவுக்குக் காரணம். இந்த உரிமை 1939-லிருந்து சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நம் பெண்களுக்குச் சொல்வார்தான் இல்லை.

என் வீட்டுக்காரர் சென்ற ஆண்டு ஒரு கோயிலில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டார். காவல் நிலையத்தில் "நாங்கள் எடுக்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்கிறார்கள். இது சரியா?
— வாசகி, தேவகோட்டை

அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். இருதார மணம் காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமில்லை. நீங்களே நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் கொடுக்கவேண்டும். உங்களுக்காக உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மகன், மகள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் கொடுத்தாலும் செல்லும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் ஏழாண்டுவரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் பத்தாண்டுவரை. காலக்கெடு கிடையாது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494, 495 பிரிவுகள். தண்டனை அதே அளவு.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். "இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள், ஊருக்கே தெரியும்" என்பது போதாது. கணவரே ஒப்புக்கொண்டாலும் போதாது. இரண்டாம் கல்யாணம் முறைப்படி நடந்தது என்று சடங்கோடு நிரூபிக்கவேண்டும் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு "ஏழடி நடக்கவில்லை, ஆகவே கல்யாணமே இல்லை" என்று சொல்லிப் பலர் தப்பினார்கள். தமிழ்நாட்டில் இந்த வாதம் எடுபடாது. சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் முடிந்தது. அப்படி நடந்த இரண்டாம் கல்யாணமும் குற்றமே என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மற்றவர்களின் மானத்தைக் காக்க வந்த பிரிவு உங்களையும் காக்கிறது.

ஆகவே தாலி கட்டியதைப் பார்த்த சாட்சி ஒருவராவது வேண்டும். கோயில் ரசீது, அங்கே பதிவேடு இருந்தால் அதன் நகல், படம் எடுத்தவர், பந்திக்குச் சமைத்தவர் என்று தேடுங்கள். வீடியோ கைப்பேசியில் இருந்தால் அதோடு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கான சான்று) இணைக்கவேண்டும். அது இல்லாமல் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை முதல் நாளே தூக்கிப் போடுவார். உங்கள் கல்யாணத்துக்கான சான்றையும் சேர்த்தே தயாராக வையுங்கள்.

தண்டனைக்குக் காத்திருக்கும்போதும் அடுப்பு எரியவேண்டும். கையோடு ஜீவனாம்ச மனுவும் போடுங்கள். கணவன் வேறு திருமணம் செய்திருப்பது நீங்கள் பிரிந்து வாழ்வதற்குப் போதுமான காரணம். மனுப் போட்ட தேதியிலிருந்து பணம் கணக்காகும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்; நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். அவர் மதம் மாறிக் கட்டியிருந்தாலும் முதல் கல்யாணம் அறுபடாது என்பது 1995-இலும் 2000-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கள் ஐயா 1958-இல், பெரிய அப்பத்தா உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் செய்தார். பெரிய அப்பத்தா ஐயாவுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டாவதாகக் கட்டிய இளையவருக்கு, அதாவது சின்ன அப்பத்தாவுக்கு, ஒரு மகன். பெண்மக்கள் இல்லை, உயிலும் இல்லை. வளவு வீட்டில் அந்த மகனுக்குப் பங்கு உண்டா?
— வாசகர், கானாடுகாத்தான்

சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்துக்களுக்கு இருதாரம் தடை செய்யப்பட்டது. 1955-க்குப் பிறகு நாடு முழுவதும். எனவே 1958-இல் நடந்தது செல்லாது, இளையவர் சட்டப்படி மனைவி ஆகமாட்டார். ஆனால் அந்த மகன் சட்டப்படியான மகன். 2023 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு இது: பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர் பிறப்பால் பங்காளி ஆகமாட்டார், ஆனால் ஐயாவுக்கு விழும் பங்கில் அவருக்கும் உண்டு. வீடு பூர்விகம் என்றால் ஐயாவுக்கும் பெரியவர் மகன்கள் இருவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஐயாவின் மூன்றில் ஒன்று மூன்று மகன்களுக்கும் சமமாகப் பிரியும். ஆக இளையவர் மகனுக்கு ஒன்பதில் ஒன்று, மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்பதில் நான்கு. பர்மாவிலோ மலேயாவிலோ ஐயா சொந்தமாகச் சம்பாதித்து இங்கே வாங்கியது என்றால் மூவருக்கும் சமம். இளையவர் மகனிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் முன் இந்தக் கணக்கை அவருக்கும் காட்டுங்கள். அதுதான் நியாயம்.

அமெரிக்காவில் பலதாரம் கொண்ட ஒரு மதப் பிரிவின் ஊரையே போலீஸ் சுற்றி வளைத்ததாகப் படித்தேன். இங்கே அசாமிலும் கூட்டம் கூட்டமாகக் கைது. ஒரு சமூகத்தின் வழக்கத்தில் அரசு எவ்வளவு தூரம் நுழையலாம்?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

அமெரிக்காவில் மார்மன் திருச்சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டது. விட மறுத்துப் பிரிந்த குழுக்கள் ஒதுக்குப்புறங்களில் குடியேறின. 1953 ஜூலையில் அரிசோனாவின் ஷார்ட் கிரீக்கில் ஒரே விடியலில் ஊரைச் சுற்றி வளைத்து 200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அழும் தாய்மாரின் படம் பத்திரிகைகளில் வர, மக்கள் கோபம் அரசின் மேல் திரும்பியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த ஆளுநர் தோற்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதிகாரிகள் அந்தப் பக்கம் தலைவைக்கவே தயங்கினார்கள். சிறுமிகளைக் கிழவர்களுக்குக் கட்டிவைப்பது அந்த மறைவில்தான் வளர்ந்தது.

2008 ஏப்ரலில் டெக்ஸாஸில் அதே தவறு. 16 வயதுப் பெண் என்று சொல்லி வந்த தொலைபேசி அழைப்பை நம்பி அந்தப் பிரிவினரின் பண்ணைக்குள் நுழைந்து, 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துப் போனார்கள். அழைப்பு போலி என்று பின்னர் தெரிந்தது. அத்தனை குழந்தைகளுக்கும் உடனடி ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை என்று மே மாத இறுதியில் அம்மாநில உச்ச நீதிமன்றம் எல்லோரையும் திருப்பி அனுப்பவைத்தது. ஆனால் அங்கே கைப்பற்றிய பதிவேடுகளை வைத்து ஒவ்வொரு ஆளாக வழக்குப் போட்டபோது நின்றது. 12, 15 வயதுச் சிறுமிகளைச் சீரழித்த குழுத் தலைவர் வாரன் ஜெஃப்ஸுக்கு 2011-இல் ஆயுள் தண்டனையும் கூடுதலாக 20 ஆண்டும் கிடைத்தது.

அசாமில் 2023 பிப்ரவரியில் 3,000-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அவற்றில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணங்களும் இருந்தன. இது மக்களின் வீட்டு வாழ்க்கையைக் குலைத்துவிட்டது என்று கௌகாத்தி உயர் நீதிமன்றம் கண்டித்து முன்ஜாமீன் கொடுத்தது. கணவனைப் பிடித்துப் போன வீட்டில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு யார் சோறு போடுவது? ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு வரும் என்று பயந்து 17 வயதுக் கர்ப்பிணி வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு? சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் மருத்துவர் தகவல் சொல்லியே ஆகவேண்டும். இந்தப் பயத்தை உணர்ந்துதான், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைப் போலீஸுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழி விட்டது.

அரசு நுழையலாமா என்றால், நுழையத்தான் வேண்டும். மத உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சமூகச் சீர்திருத்தச் சட்டங்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று வைத்தபோது மதம் போய்விடும் என்றவர்கள் இங்கே நிறைய. போகவில்லை. ஆனால் நுழைவது இந்த வீட்டில் இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று சான்றோடு இருக்கவேண்டும். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்து ஊரை வளைப்பதாக இருக்கக்கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பலதாரத்தில் வாழ்வதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் இந்துக்களில் 1.3 சதவீதம், முஸ்லிம்களில் 1.9, கிறிஸ்தவர்களில் 2.1. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18-க்குள் கல்யாணம் ஆகியிருந்தது. நம் மாநிலத்தில் எந்தத் தீமை பெரிது என்று இந்த எண்களே காட்டும். 2025 ஜனவரியில் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த பொது உரிமையியல் சட்டம் எல்லோருக்கும் ஒரே விதி என்றது. பழங்குடியினரை மட்டும் விலக்கியது. பழங்குடிப் பெண்ணுக்கு ஏன் அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்பதற்குச் சரியான பதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நகரத்தார் வழக்கப்படி நகரக் கோயில் மாலை வந்து, இசைகுடிமானமும் (கல்யாண ஒப்பந்தம்) எழுதியாகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகமும் போகவேண்டுமா?
— வாசகர், நேமத்தான்பட்டி

போகவேண்டும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். பத்திரிகை, இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், படங்கள், சாட்சிகள் தேவை. கோயில் கணக்கில் தம்பதியாகப் புள்ளி சேர்ந்ததும் இசைகுடிமானமும் அரசுப் பதிவுக்கு மாற்று ஆகாது. ஆனால் நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் கல்யாணம் நடந்ததற்கு அவையும் நல்ல சாட்சியம். இசைகுடிமானத்தின் நகல் ஒன்றைப் பெண் கையிலும் கொடுத்துவையுங்கள்.