மலேசியாவின் எண்ணெய் தீர்ந்துகொண்டு வருகிறதா? எரிவாயு, நிலக்கரி உற்பத்தி எப்படி மாறியிருக்கிறது?

எண்ணெய் குறைந்திருக்கிறது. எரிவாயு பெருகியிருக்கிறது. நிலக்கரியோ, ஒரு காலத்தில் நாமே வெட்டியது, இன்று கப்பலில் வந்து இறங்குகிறது. எனக்கு வியப்பளிப்பது இந்த மூன்றாவதுதான். நான் சிலாங்கூர் மாநிலத்துக் காப்பாரில் இருப்பவன். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் பார்த்தால் நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் ஊர். அதனால் நிலக்கரியிலிருந்தே தொடங்குகிறேன்.

இதே சிலாங்கூரில், ரவாங்குக்கு அருகே பத்து ஆராங்கில் 1915 வாக்கில் தொடங்கி 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். மலாயாவின் ரயில்களும் ஈயச் சுரங்கங்களும் அதை நம்பித்தான் ஓடின. 1937இல் அங்கே தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் காலனி அரசைக் கலங்கடித்தது. பிறகு ரயில்கள் எண்ணெய்க்கு மாறின. வாங்க ஆளில்லாமல் சுரங்கத்தை மூடினார்கள். மண்ணுக்கடியில் நிலக்கரி மிச்சம் இருந்தது.

எண்ணெயின் கதை போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தில், மிரியில், 1910இல் ஷெல் நிறுவனம் தோண்டிய கிணற்றோடு தொடங்குகிறது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்தது, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் பிறந்தது. 1970களின் இறுதியில் திரங்கானு கடலிலிருந்தும் எண்ணெய் வரத் தொடங்கியது. கிடைத்ததை எல்லாம் அள்ளித் தீர்க்காமல், 1980இல் அரசு உற்பத்திக்கு வரம்பு வைத்தது. அடுத்த ஆண்டே, மின்சாரத்துக்கு எண்ணெயை மட்டும் நம்பாமல் எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. கைவிட்ட நிலக்கரி திரும்பி வந்தது இப்படித்தான். ஆனால் பத்து ஆராங்கிலிருந்து அல்ல, பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும். சரவாக்கில் இன்றும் கொஞ்சம் வெட்டுகிறார்கள். தீபகற்ப மலேசியாவின் தேவைக்கு அது எந்த மூலைக்கு?

எண்ணெய் உற்பத்தி 2004 வாக்கில் நாளொன்றுக்கு ஏழரை லட்சம் பீப்பாயை ஒட்டி உச்சம் தொட்டது. அதன்பின் பழைய வயல்கள் வற்றத் தொடங்கின. 2007இல் சபா ஆழ்கடலில் கிக்கே வயல் திறந்தது. கடல் அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அப்படியும் சரிவு நிற்கவில்லை, மெதுவானது அவ்வளவுதான். இப்போது நாட்டுக்குள் எரியும் எண்ணெய், தோண்டுவதைவிட அதிகம். 'எண்ணெய் நாட்டில் பெட்ரோலுக்கு ஏன் இந்த விலை' என்று சாப்பாட்டுக் கடைகளில் வாதிடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எரிவாயுதான் இன்று நம் உண்மையான சரக்கு. 1983இல் சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்கு முதல் திரவ எரிவாயுக் கப்பல் போனது. 1990க்கும் 2010க்கும் இடையில் எரிவாயு உற்பத்தி மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. அதில் பெரும்பகுதி சரவாக் கடலிலிருந்து வருகிறது. அதனால்தான் யாருக்கு எவ்வளவு உரிமை என்று அந்த மாநிலமும் பெட்ரோனாஸும் மல்லுக்கு நிற்கின்றன. அடுத்த பத்தாண்டு எப்படிப் போகும் என்று அறிய விரும்புகிறவர் திரங்கானுவை விட்டுவிட்டு அந்தப் பேச்சுவார்த்தையைக் கவனித்து வரலாம்.