‘கோயில் தூண்ல இல்லாததாம்மா?’

கடிதம்: அக்கா, நாங்கள் மதுரையில் ஆனையூர்ப் பக்கம் இருக்கிறோம். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகன் ப்ளஸ் ஒன், மகள் எட்டாவது. இரண்டு பேரும் ஒரே துப்பாக்கிச் சண்டை கேம்தான் ஆடுகிறார்கள். போன வாரம் மகன் போனைத் தற்செயலாகப் பார்த்தேன். அவன் வைத்திருக்கும் கேரக்டர் ஒரு பெண். அது போட்டிருந்ததை உடுப்பு என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு அத்தை கொடுத்த காசில் வாங்கிய ‘ஸ்கின்’னாம், அதாவது கேரக்டருக்கு மாட்டுகிற தோற்றம். “உனக்கு எதுக்குடா பொம்பளை கேரக்டர்?” என்றேன். “மேட்ச் முழுக்க அத முதுகுக்குப் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டே இருக்கணும்ல, பாக்க நல்லா இருக்க வேணாமா?” என்றான். கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். “மீனாட்சி கோயில் தூண்ல இல்லாததாம்மா? அங்க மட்டும் கும்பிடச் சொல்ற” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்குப் பதில் வரவில்லை. “ஆம்பளப் பய அப்படித்தான், விடு” என்கிறார் வீட்டுக்காரர். இன்னொன்று, மகள் ஆண் கேரக்டரை வைத்து, மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறாள். கேட்டால், “அதான் நிம்மதி” என்கிறாள். இரண்டு பேர் போனையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், மதுரை

தங்கச்சி,

‘இன்னொன்று’ என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கடிதத்தின் முதல் வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தூண்.

உங்கள் மகன் கேட்டது பாதி நியாயமான கேள்வி. “சாமி விஷயத்துல வாயாடாத” என்று அடக்கினால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடும். தூணில் செதுக்கியது எல்லாம் பக்தியில் செதுக்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ராஜாவின் கண்ணுக்கு விருந்தாகச் செதுக்கியதும் இருக்கத்தான் செய்யும். அதை அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய், தூண்களில் நிற்கும் பெண் சிற்பங்களைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர்ப் பழங்கோயிலானாலும் சரி. முகம், கை, கால் எல்லாம் கல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். மார்பு மட்டும் வழவழவென்று கறுத்துப்போயிருக்கும். அதை அப்படி ஆக்கியது சிற்பி இல்லை. போகிறவன் வருகிறவன் கை. எத்தனை தலைமுறைக் கையோ!

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பத்தா அந்த மாதிரித் தூணைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் அந்த இடத்தை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் போவார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. கல்லில் அந்தக் கை வெளியிலிருந்து வந்தது. கேமில் அந்தக் கையையும் சேர்த்தே செய்து விற்கிறார்கள்.

எப்படி என்று கேட்பான். பெண் உடம்பையே பரிசாக வைத்த கேம் 1986-லேயே வந்துவிட்டது. ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட வீரர், பெயர் சேமஸ். ஆடுகிறவர்கள் ஆண் என்றே நினைத்திருப்பார்கள். சீக்கிரமாக முடித்தால் கடைசியில் கவசம் கழன்று உள்ளே இருப்பது பெண் என்று தெரியும். அதுவரைக்கும் பிரமாதம். ஆனால் இன்னும் வேகமாக முடித்தால் உடுப்பு இன்னும் குறையும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் பிகினியில் நிற்பாள். அத்தனை அசுரர்களைக் கொன்றவளை, கெட்டிக்காரப் பையனுக்குக் கொடுக்கும் மிட்டாயாக ஆக்கிவிட்டார்கள்.

பத்து வருடம் கழித்து, 1996-ல், ‘டெட் ஆர் அலைவ்’ என்ற சண்டை கேம் வந்தது. அது பேர் வாங்கியது சண்டைக்காக மட்டுமில்லை, பெண்கள் அடி கொடுக்கும்போது மார்பு தனியாகக் குலுங்குவதற்காகவும்தான். ஒருவர் உட்கார்ந்து அதற்கென்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2015-ல் வந்த ஒரு ‘மெட்டல் கியர்’ கேமில் குறிபார்த்துச் சுடும் ஒரு பெண் பிகினியோடு போர்க்களத்தில் திரிவாள். ஏன் என்றால், அவள் தோலால்தான் மூச்சு விடுகிறாளாம், துணி போட்டால் மூச்சு முட்டிவிடுமாம். கதை எழுதியவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! நம்மூரில் பொய்க்கால் குதிரைக்குக்கூட இதைவிடப் பலமான கால் வைப்பார்கள்.

போன மாதம் ரவிக்கை தைக்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருந்தேன். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள் இப்போது அங்கேதானே இருக்கின்றன. எனக்குத் தைக்கிறவர் அறுபதைத் தாண்டியவர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் துருத்தி நீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்துத் தைத்துக் கை பழகியவர். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஆடுவார்கள், ஓடுவார்கள், நனைவார்கள். தையல் விட்டுவிடக் கூடாது. என் தங்கை மகன் போனிலிருந்து வாங்கி வைத்திருந்த ஒரு படத்தை அவரிடம் காட்டினேன். கேமில் வரும் ஒரு பெண் போர்வீரர், உலோகக் கவசம்.

“இது மாதிரி ஒண்ணு தைக்க முடியுமாண்ணே?” என்றேன்.

டேப்பைக் கழுத்தில் போட்டபடியே போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். சிரிக்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினார். “கொக்கி எங்க இருக்கு?” என்றார். பிறகு, “தோள்ல பட்டை இல்ல, முதுகுல முடிச்சு இல்ல. இது எதப் புடிச்சு நிக்கிது? இரும்புங்கிறீங்க, குனிஞ்சா வயித்தக் கிழிச்சுப்புடும்மா.” இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, “இந்த இடுப்புக்குள்ள குடல எங்கிட்டு வச்சாய்ங்க?” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “இது உடுத்துறதுக்குத் தச்சதில்ல. பாக்குறதுக்குத் தச்சது.”

நாற்பது வருடம் அளவெடுத்தவர் அரை நிமிடத்தில் சொன்னதைத்தான் நான் இத்தனை பத்தியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பக் கோயிலுக்கு வாருங்கள். புதுமண்டபத்துத் தூணில் மூன்று தனங்களோடு ஒரு சிலை நிற்கிறது. தடாதகைப் பிராட்டி, நம் மீனாட்சிதான். பிள்ளை வரம் கேட்டு மலயத்துவச பாண்டியன் செய்த வேள்வித் தீயில் பிறந்தவள். பெற்றவர்கள் பதறினார்கள். ஆனால் மகனைப் போல வளர்த்து முடிசூட்டினார்கள். எட்டுத் திசையும் ஜெயித்தாள். கணவனாக வரப்போகிறவனைப் பார்த்ததும் மூன்றாவது தனம் மறைந்தது என்று கதை. (அந்த முடிவில் எனக்கே ஒரு முணுமுணுப்பு உண்டு. அது வேறு கடிதம்.) கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள், இடது மார்பைத் திருகி எறிந்து இந்த ஊரை எரித்தாள். இரண்டு கதையிலும் உடம்பு மறைக்கப்படவில்லை. ஆனால் அந்த உடம்பு அவளுடையது. அவளுக்கு ஊர் இருக்கிறது, கோபம் இருக்கிறது, செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. உங்கள் மகன் வாங்கிய ஸ்கினுக்குள் யார் இருக்கிறாள்? பெயராவது தெரியுமா அவனுக்கு? கேட்டுப் பாருங்கள், கோபமில்லாமல்.

கோபம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் அடித்தது தப்பு. அதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதினாறு வயதில் கண் அலைவது பாவமில்லை, அதற்காக அவன் கூனிக் குறுக வேண்டியதும் இல்லை. ஆனால் “பாக்க நல்லா இருக்க வேணாமா” என்று அவன் சொன்னது அவனாகச் சொன்னதில்லை. விற்கிறவன் அவன் வாயில் வைத்தது. முதுகுப்பக்கமே கேமராவை நிறுத்தி, அரை மணி நேரம் ஒரே இடத்தைப் பார்க்க வைத்து, அந்த இடத்துக்கு விலையும் போட்டிருக்கிறார்கள். அத்தை கொடுத்த பொங்கல் காசு எங்கே போனது என்று அவனுக்கு உறைக்கட்டும். ஒரே செட் உடுப்பை ஆண் கேரக்டருக்கு ஒரு தடவை, பெண் கேரக்டருக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணி எங்கெல்லாம் காணாமல் போகிறது என்று அவனே எண்ணிச் சொல்வான். பையன்களுக்கு எண்ணுவது பிடிக்கும்.

வீட்டுக்காரரிடம் நான் இதைச் சொன்னதாகச் சொல்லுங்கள். 2016-ல் ‘ஓவர்வாட்ச்’ என்ற கேம் வெளிவருவதற்கு முன்பு, அதில் வரும் ட்ரேசர் என்ற துறுதுறுப்பான பெண் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி நிற்பது போல ஒரு போஸ் இருந்தது. இந்தப் போஸ் அவள் சுபாவத்துக்குப் பொருந்தவே இல்லையே என்று எழுதிக் கேட்டவர், அந்த கேமின் முன்னோட்டத்தைத் தினமும் காலையில் எழுந்ததும் பார்க்க ஆசைப்படும் ஒரு சின்னப் பெண்ணின் தகப்பன். கம்பெனி அந்தப் போஸை எடுத்துவிட்டது. அவரும் ஆம்பளதான்.

எல்லாருக்கும் அப்படி மரியாதையாகப் பதில் கிடைத்துவிடவில்லை. அனிதா சர்கீசியன் என்று ஒரு பெண். கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று வீடியோத் தொடர் எடுக்க 2012-ல் பணம் திரட்டினார். அவர் முகத்தைக் க்ளிக் செய்து அடித்து ரத்தக்காயமாக்குகிற ஒரு கேமையே ஒருவன் செய்து வெளியிட்டான். 2014-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்தபோது, துப்பாக்கியோடு வந்து சுடுவோம் என்று மிரட்டல் வந்து கூட்டமே ரத்தானது. உடுப்பைப் பற்றிக் கேள்விதான் கேட்டார், தங்கச்சி. வேறொன்றும் செய்யவில்லை.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன்.

எட்டாம் வகுப்புப் பெண், தன் உடம்பையும் குரலையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ஆடப் போகிறாள். “அதான் நிம்மதி” என்கிறாள். அப்படியானால் நிம்மதியில்லாத ஒரு நாள் அதற்கு முன்னால் இருந்திருக்கிறது. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறான். அவள் உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவீர்கள் என்று தெரியும். நீங்களும் அதைத்தானே என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்?

ஒரே வீடு, ஒரே கேம். அண்ணன் பார்ப்பதற்காகப் பெண் கேரக்டரை எடுக்கிறான். தங்கை பார்க்கப்படாமல் இருப்பதற்காக ஆண் கேரக்டரை எடுக்கிறாள். அண்ணனுக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அதனால் பீரோவில் பூட்டாதீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது நம் பிள்ளைகள் புத்தகத்தையா எடுத்தார்கள்? அடுத்த கேமுக்குப் போனார்கள். அதற்குப் பதில் ஒரு சாயங்காலம் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே அணியில் ஆடச் சொல்லுங்கள். மகளுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும், அவள் மைக்கைத் திறந்து பேசட்டும். கூட வந்து சேருகிற முகம் தெரியாத பயல்கள் என்ன பேசுகிறார்கள் என்று அண்ணன் காதால் கேட்கட்டும். நீங்கள் அடுப்படியில் இருந்தால் போதும், நடுவில் போகாதீர்கள். அசிங்கமாகப் பேசுகிறவனை மியூட் செய்து ரிப்போர்ட் போட அவனுக்குத் தெரியும். இதுவரை தன் தங்கைக்காக அதைச் செய்யத் தோன்றியிருக்காது, அவ்வளவுதான். அந்தப் பயல்களில் எவனாவது வெளியே வாட்ஸப்பில் வந்து படம் கேட்டு மிரட்டினால் மட்டும் யோசிக்காதீர்கள். 1930-க்குப் போன் போடுங்கள், சைபர் குற்றத்துக்கான எண் அது.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ‘வெண்பா’ என்று 2023-ல் வந்த ஒரு கேமை மகளுக்குக் காட்டலாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா பெயர்தான் கேமின் பெயர். கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று திண்டாடுவதுதான் அதில் வீரம். துப்பாக்கி பிடித்த உங்கள் மகனுக்கு அது சப்பென்று இருக்கும். உங்களுக்குப் பிடிக்கும். நீங்களே ஆடிப் பாருங்களேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகன் அந்த ஸ்கினை இன்னும் வைத்திருக்கிறானா என்பதை அல்ல. மகள் எந்தக் கேரக்டரில் ஆடுகிறாள், மைக் திறந்திருக்கிறதா என்பதை.

அன்புடன்,
அக்கா