கயிற்றைப் பற்றி மூன்று வரி

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 46 வயது. பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் வெட்டும் தொழில். நாங்கள் ஐந்து பேர். மேலே ஏறி அறுக்கிறவன் நான். மெஷின், கயிறு, வண்டி எல்லாம் என்னுடையவை. என் மனைவியின் தம்பி கீழே நின்று கயிறு பிடிக்கிறான். முடிச்சுப் போடுவதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்ற இருவரும் கழி இழுத்து, துண்டு போட்டு, வண்டியில் ஏற்றுகிறவர்கள்.

நான் முதலில் தென்னை ஏறிக்கொண்டிருந்தவன். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்துத் தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. ஏறுவதற்கு மரமில்லை. விழுந்து கிடந்தவற்றை அறுக்க வெளியூரிலிருந்து மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் கூலிக்கு நின்றுதான் மெஷின் பிடிக்கக் கற்றேன். பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். மைத்துனன் அப்போது வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை என்று கூடவே அழைத்துப்போய்த் தொழில் கற்றுக்கொடுத்தது நான்தான். அதை அவன் மறந்துவிட்டான். அதுதான் என் வருத்தம்.

எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. நான் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது கையில் போன். ஒரு நாள் 2டி ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி மெஷினைப் பிடிக்க வைத்துவிட்டான். பிஸ்டன் போய்விட்டது. அந்தச் செலவை நான் கேட்கவில்லை. ஆனால் ஏறுகிறவனுக்குக் கொடுக்கும் கூலியைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். கற்றுக்கொடுத்தவனிடமே கேட்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் தூங்குமூஞ்சி மரம் வெட்டினோம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பெரிய கிளை, நாங்கள் வாது என்போம். நான் மெஷினை வைக்கும்போது கீழேயிருந்து, "அத்தான், அது சுவர்மேல்தான் விழும், இன்னொரு கயிறு போட்டுக்கொள்ளுங்கள்" என்று கத்துகிறான். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். என் மானம் போய்விட்டது. நானும் பதிலுக்குக் கத்தினேன். உன் அப்பன் கற்றுக்கொடுத்த தொழிலா இது என்று கேட்டேன். வேறு சில வார்த்தைகளும் வந்துவிட்டன. அவன் கயிற்றைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது உண்மைதான். அது பழைய சுவர். வீட்டுக்காரர் கூலியில் பிடித்துக்கொண்டார். அதைவிட, ஒரு வெளியாள் முன்னால் என்னை எதிர்த்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் தம்பி பக்கம். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சம்பாதித்துப் போடுவது யார்? கோள் சொல்வதற்கென்றே அவன் அக்கா வீட்டுக்கு வருகிறான். போன வாரம் வந்து சொல்லியிருக்கிறான், நான் ஏறும் கயிற்றில் ஒரு புரி அறுந்திருந்ததைப் பார்த்தானாம், சொன்னால் அத்தான் கத்துவார் என்று சொல்லாமல் விட்டானாம். அன்று அதே கயிற்றில்தான் 40 அடி உயரத்தில் புளியமரத்தில் நின்றேன். நன்றாகத்தான் இறங்கி வந்தேன். அதிலிருந்து இரவில் தூக்கம் சரியில்லை, அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, என்னிடம் பேசாத வாய் அக்காவிடம் மட்டும் பேசுகிறதே, அது நியாயமா?

இப்போது அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. சொன்னதற்குத் தலையாட்டுகிறான். ஏதாவது முணுமுணுத்தாலும் என் காதில் விழுவதில்லை. சண்டை குறைந்திருக்கிறது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. பெரியவர்கூட இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

தொழில் கற்றுக்கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா? அவனை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடலாமா? கோபம் குறைய மாத்திரை ஏதேனும் உண்டா? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

பெயர் வேண்டாம்,
பட்டுக்கோட்டை வட்டம்.


அன்புள்ள சகோதரருக்கு,

பிஸ்டன், போன், கூலி மூன்றையும் நான் இப்போது ஒதுக்கி வைக்கிறேன். அவற்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கூலி விஷயத்தில் அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கலாம். உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியவை அவை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மரியாதையைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். கயிற்றைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள், அதையும் கோள் சொன்னதற்குச் சான்றாக. என்னைக் கலங்கவைத்தது அந்த மூன்று வரிதான். அறுந்த புரியைக் கண்ணால் பார்த்த ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அந்தக் கயிற்றில் உயிரை வைத்து 40 அடியில் நின்றிருக்கிறீர்கள். தூக்கம் போனது வேறு விஷயம் என்கிறீர்கள். வேறு விஷயம் இல்லை, ஐயா. கடிதம் முழுவதற்கும் விஷயம் அது ஒன்றுதான்.

அவர் சொல்லாமல் விட்டது பெரிய தவறு. அதை நான் மழுப்ப மாட்டேன். எவ்வளவு மனக்கசப்பு இருந்தாலும் மரத்தில் ஏறப்போகிறவரிடம் கயிற்றின் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் அவர் வாயைத் திறந்து சொன்னார். வாது சுவர்மேல் விழும் என்றார், இன்னொரு கயிறு போடச் சொன்னார். சுவர் பழையதா புதியதா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்ன இடத்தில்தான் வாது விழுந்தது. சரியாகச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது, நாலு பேர் முன்னால் இறந்துபோன தகப்பனை இழுத்து ஒரு வசவு. அந்தத் தகப்பன் உங்கள் மனைவிக்கும் தகப்பன். வீட்டில் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்கிறீர்களே, அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அன்று அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். குறை கண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பாடம். வருத்தத்தோடு சொல்கிறேன், அதைக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். பெரியவரும் அதையே கற்றுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

வேறோர் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் ஒரு விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரு டச்சு விமானம் புறப்பட ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் விலகாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. டச்சு விமானத்தின் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். விமானி மிகவும் மூத்தவர், பெயர்பெற்றவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். இளையவர் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் காது கொடுத்துக் கேட்கவும் விமானக் குழுக்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அந்த விமானி வேலை தெரியாதவர் அல்லர். நீங்களும் அல்ல.

சண்டை குறைந்திருக்கிறது என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அவர் எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்தவரை நீங்கள் பத்திரமாக இருந்தீர்கள். தலையாட்டத் தொடங்கிய பிறகுதான் அறுந்த கயிற்றில் ஏறினீர்கள்.

மரத்தில் நிற்கிறவர் கத்தத்தான் வேண்டும். மெஷின் ஓடும்போது 40 அடிக்குக் கீழே மெல்லப் பேசினால் யாருக்கும் கேட்காது. "விலகு", "இழு", "விடு", "நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்துங்கள், அது தொழில். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற வசவு தொழில் இல்லை. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? கனமான வாது பிளந்து திரும்பும் கணத்தில் உங்கள் நெஞ்சு படபடக்கிறது, வயிறு சுருங்குகிறது. உயிர் கீழே இருப்பவர் கையில் இருக்கிறது. உங்களால் இறங்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்தப் பயம் எங்காவது போயாக வேண்டும். பயந்தேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. குழுவை நடத்துகிறவர் பயப்படக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அதனால் அது கயிறு பிடித்தவர்மேல் போய் விழுகிறது. அவரைப் பார்த்தாலே எரிகிறது என்றீர்கள். புளியமரத்தில் நின்ற அந்த நேரத்தை அவர் முகம் உங்களுக்கு நினைவூட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். இரவில் கண்ணை மூடினால் எது வருகிறது? அவர் அக்காவிடம் பேசியதா, அந்தக் கயிறா? நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பயத்துக்கு மாத்திரை வேண்டாம். பயம் சரியான இடத்தில்தான் மணி அடித்திருக்கிறது. தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள், அது அரசின் மனநல ஆலோசனைச் சேவை. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தூங்காத காலையில் மட்டும் மரம் ஏறாதீர்கள்.

இன்னொன்று. அவர் முணுமுணுப்பது காதில் விழவில்லை என்றீர்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டாலே காது கெடத் தொடங்கும். மரம் அறுக்கும் மெஷின் 100ஐத் தாண்டும். நீங்கள் அதை வருடக்கணக்கில் காதருகே வைத்துப் பிடித்திருக்கிறீர்கள், காதடைப்பான் போட்டதாக எழுதவில்லை. அவர் முணுமுணுக்காமல் சாதாரணமாகப் பேசி, உங்களுக்குத்தான் முணுமுணுப்பாகக் கேட்டிருக்கலாம். காது மந்தமானவருக்குத் தம் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். பெரியவரையும் கூட்டிப் போங்கள்.

அவரை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். புதிதாக வருகிறவர் பத்து நாளில் உங்கள் குரலைப் பழகிவிடுவார், பதினோராவது நாள் அவரும் வாயை மூடிக்கொள்வார். வாது எந்தப் பக்கம் திரும்பும் என்று கீழிருந்தே சொல்லத் தெரிந்த கண் உங்கள் மைத்துனருக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை உருவாக்கியது உங்கள் கற்றுக்கொடுத்தல். நீங்கள் தேடும் மரியாதை அதில் இருக்கிறது, ஆனால் அவர் பேசினால்தான் அது உங்களுக்குக் கிடைக்கும்.

தகப்பனைப் பற்றிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவியுங்கள். வீட்டில் தனியாக வேண்டாம். எந்தக் காதுகள் கேட்டனவோ அந்தக் காதுகள் முன்னால், பெரியவரும் மற்ற இருவரும் இருக்கும்போது சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டியதில்லை, "அன்று உன் அப்பாவை இழுத்தது தவறு, நீ சொன்ன இடத்தில்தான் வாது விழுந்தது" என்றால் போதும். அதைச் சொன்ன பிறகு, "கயிற்றைப் பார்த்தும் சொல்லவில்லையே, நான் பயந்துவிட்டேன்" என்பதையும் சொல்லுங்கள். கோபமாக இல்லாமல் பயமாகவே சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டு நிலைகுலைந்து போகலாம். அவரும் அன்றிலிருந்து தூங்கியிருக்க மாட்டார். இல்லையென்றால் எதற்காக அக்காவிடம் போய்ச் சொன்னார்? உங்களிடம் சொல்ல முடியாததை, உங்களிடம் வந்து சேரும் வழியில் அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கோள் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

தினமும் ஏறுவதற்கு முன் கயிற்றை அவர் கையில் கொடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்து அவர் "சரி" என்று சொன்ன பிறகு, நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஏறுகிறவர் தம் கயிற்றைத் தாமே பார்க்க வேண்டும். அன்று நீங்களும் பார்க்கவில்லை, அது உங்கள் தவறு. "நிறுத்து" என்று ஐவரில் யார் சொன்னாலும் மெஷின் நிற்கட்டும். ஏன் என்ற கேள்வி அதற்குப் பிறகு. ஒருவர் மரத்தில் இருக்கும்வரை எந்த வழக்கும் வேண்டாம், எல்லாம் இறங்கி, தண்ணீர் குடித்த பிறகு.

கடிதத்தில் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தக் கயிற்றை மாற்றிவிட்டதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. அது இன்னும் வண்டியில்தான் கிடக்கிறதா? கிடந்தால் நாளை காலை மைத்துனரைக் கூப்பிட்டு, அந்தப் புரி எங்கே என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். காட்டியதும், வேறு யாரும் எடுத்து ஏறிவிடாதபடி, அவர் கையாலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டிப்போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்