முட்டை விலை ஏறும் நேரத்தில் கோழி வாங்கலாமா?

கேள்வி: கொல்லையில் 15 கோழிகள் அவிழ்த்துவிட்டு மேய்கின்றன. பறவைக் காய்ச்சலால் முட்டைக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 50 முட்டைக்கோழிகளை மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கி முட்டை விற்கலாமா? கையில் இருக்கும் முட்டையை எப்படி அதிக நாள் வைத்துக்கொள்வது?

பதில்: வாங்காதீர்கள். முட்டை விலை உச்சத்தில் இருக்கும்போது முட்டையிடும் கோழியை ஒருவர் ஏன் மலிவாகத் தள்ளிவிடுகிறார்? இட்டு ஓய்ந்த கிழடாக இருக்கலாம். அல்லது பக்கத்தில் எங்கோ கோழி சாக ஆரம்பித்திருக்கலாம். நோய் தொற்றிய கோழி முதல் ஓரிரு நாள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நானே ஒருமுறை சந்தையில் வாங்கிய 6 கோழிகளை நேராகப் பழைய கூட்டில் விட்டு, வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயில் (ராணிக்கெட்) பாதிக் கூட்டைப் பறிகொடுத்தவன்.

சரி, குஞ்சு வாங்கி வளர்க்கலாமே என்று தோன்றும். முட்டை பொரிய 21 நாள், பொரித்த குஞ்சு முதல் முட்டையிட 18 முதல் 20 வாரம். பெரிய பண்ணைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு கொட்டகையில் நோய் உறுதியானால் அங்குள்ள அத்தனை கோழிகளையும் அழிக்கிறார்கள். மறுபடி நிரப்பி முட்டை எடுக்க மாதக்கணக்கில் ஆகிறது. நோய் அடங்கிய பிறகும் விலை உடனே இறங்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் உங்கள் குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கும்போது அந்தப் பண்ணைகளும் தொடங்கியிருக்கும்.

இருக்கும் பதினைந்தைக் காப்பாற்றுவதுதான் இப்போதைக்கு வேலை. முதலில் மேய விடுவதை நிறுத்திவிட்டு, மேலே கூரையும் சுற்றிலும் சின்னக் கண் வலையும் போட்டு அடையுங்கள். காட்டு வாத்தும் நீர்ப்பறவைகளும் நோய் வெளியே தெரியாமலே கிருமியை எச்சத்தில் கழிக்கும். அதனால் குளத்துத் தண்ணீர் வேண்டாம். சிந்திய தீவனத்துக்குக் காக்கை வரும், அதை அன்றன்றே கூட்டிவிடுங்கள். கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பைத் தனியாக வைத்து, அதை வேறெங்கும் போடாதீர்கள். கை, செருப்பு, தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

அடைத்து வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. மேய்ச்சல் கோழி புதரிலும் விறகுக் குவியலிலும் போய் இடும். “கோழி இடுவதே இல்லை” என்று என்னிடம் சொன்னவர் வீட்டு வைக்கோல் போருக்குள்ளிருந்து 11 முட்டைகளை எடுத்திருக்கிறோம்! அப்புறம், ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம் வேண்டும். மேய்ச்சல் நின்றுபோனதால் இதில் குறை வைக்கக் கூடாது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானது தானே கொத்திக்கொள்ளும். பகல் குறுகிய காலமென்றால் விடியலுக்கு முன் விளக்குப் போட்டு வெளிச்சத்தை 14 முதல் 16 மணி நேரமாக்குங்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியை மூன்று நாள் கம்பித் தரைக் கூண்டில் விட்டால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, ஓடில்லாத தோல்முட்டை விழுவது, ஒரே நாளில் இரண்டு மூன்று சாவது, இதில் எதைப் பார்த்தாலும் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலும் இப்படித்தான் தெரியும். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதுவரை செத்த கோழியை வெறும் கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். மீதியை அவசரமாக விற்கவும் வேண்டாம்.

முட்டையைச் சேமிக்க, இப்போதைக்குச் சுத்தமான முட்டையை மட்டும் எடுத்து வையுங்கள். கழுவ வேண்டாம்; ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். எச்சம் ஒட்டியதை முதலில் சமைத்துவிடுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து வாரம் தாங்கும். எடுத்து வெளியே வைத்தால் வியர்த்துக் கெட ஆரம்பிக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் உடைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அடித்து உறையவிடுங்கள். ஓட்டோடு உறையவிட்டால் வெடிக்கும். எந்த முட்டையானாலும் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகட்டும். உள்ளே 70 டிகிரி சூடு ஏறினால் கிருமி நிற்காது. அரைவேக்காட்டை நோய் ஓயும்வரை தள்ளி வையுங்கள்.